யார் பெயரிலும் இல்லாத இடம்

தம்பிக்கு,

பஸ் ஜன்னல் வழியாக ஒன்று சொல்லிவிட்டுப் போனாய். நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கண்டக்டராக எத்தனையோ பேர் பேச்சைப் பாதியில் அறுத்து விசில் ஊதியவன் நான். மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த மருமகன், கடனைத் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தவன் என்று யாரையும் விட்டதில்லை. அன்றைக்கு எனக்கே அது நடந்தது. சேலம் வண்டியில் கண்டக்டராக இருந்தவன் நம் டிப்போ பையன்தான். எனக்காகக் கொஞ்சம் தாமதித்துப் பார்த்தான். அப்புறம், "அண்ணே, நீங்களே சொல்லுங்க, இன்னும் எவ்வளவு நேரம்ணே நிறுத்துறது?" என்றான். நியாயமான கேள்வி. நகர்ந்து நின்றுகொண்டேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். தப்பாக இருந்தால் சிரித்துக்கொள். "அப்பா, அந்தக் கம்ப்யூட்டர் மிஷினு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுது. அடுத்த மாசம் லாரி ஏத்துறாங்க. சோதனை பண்றப்போ ஒரு நோயாளியோட விவரம் இன்னொரு நோயாளி பேருக்குக் கீழ போயி உக்காந்துடுது. எப்பவுமே இல்ல, எப்பவாவது. ரத்தம் எந்த வகைன்னு எழுதுற இடத்துல கூட வந்துது. நான் பிரிச்சு எழுதுனதுதான் காரணம்னு எனக்குத் தெரியும். மேனேஜரு டிஸ்க்கு பழுதுங்கறாரு, வேற டிஸ்க்கு மாட்டுங்கறாரு. நான் வாயத் தொறந்தா எல்லாம் நின்னுடும். கம்பெனி அனுப்புறேன்னு சொன்ன அமெரிக்காவும் போயிடும். அரியலூர்ல பொண்ணு வீட்டுக்கு என்னப்பா சொல்றது?" அப்புறம் சிரித்தாயா அழுதாயா என்று தெரியாத ஒரு முகத்தோடு, "துண்டு போட்டிருந்தாங்கப்பா" என்றாய்.

பக்கத்தில் நின்ற வெள்ளரிக்காய்க்காரருக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் அம்மா எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள்.

உன் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நான்தான் உன்னைக் கேட்டேன். மூன்று வருஷமாக என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்கிறேன், அங்கே என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் டிக்கெட் கிழிக்கிற பாவனையில் நகர்ந்துவிடுகிறேன், இன்றைக்காவது சொல்லு என்றேன். நீ பொறுமையாகச் சொன்னாய். மிஷினுக்கு நெஞ்சு மாதிரி ஒரு புரோகிராம் உண்டு, அதற்குக் கர்னல் என்று பெயர், மற்ற எல்லாப் புரோகிராமும் அதன் மேல்தான் ஓடும், அதில் மெமரியைப் பங்கு போட்டுக் கொடுக்கிற பகுதி உன் கையில் என்றாய். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, "உங்க பஸ்ஸுதான்ப்பா அது. சீட்டு இவ்வளவுதான். ஏறுறவனுக்கு இடம் கொடுக்கணும். இறங்கினா அந்த இடத்தை அடுத்தவனுக்குக் கொடுக்கணும். ஒரே சீட்டை ரெண்டு பேருக்குக் கொடுத்துடக் கூடாது. அதப் பாத்துக்குற கண்டக்டரத்தான் நான் எழுதுறேன்" என்றாய்.

"அடப்பாவி, அவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வெச்சும் கண்டக்டரு வேலதானா?" என்று நான் சொன்னதும் உன் அம்மாகூடச் சிரித்தாள்.

பழைய புரோகிராமை எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், அவருக்குப் பிறகு வந்தவர்கள் ஆளுக்கு ஒரு ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரே வேலையை ஏழெட்டு இடத்தில் ஏழெட்டு விதமாக எழுதியிருக்கிறார்கள், அதையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் ஒழுங்காக எழுதுகிறேன் என்றாய். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எதுவும் மாறியிருக்காது, உள்ளே மட்டும் சுத்தமாகிவிடும் என்றாய். அதைச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? சின்ன வயதில் பரணில் ஏறிச் சாமான்களைத் துடைத்து அடுக்கிவிட்டு இறங்குவாயே, அந்த முகம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போதுதான் சொன்னாய்: "நடுவுல ஒரு துண்டு இடம் யாருக்கும் கொடுக்காம சும்மா கெடந்துதுப்பா. ஏன் விட்டாருன்னு ஒரு வரி எழுதி வெக்கல. யாரு பேருலயும் இல்ல. அதையும் எடுத்துப் பொதுவுல சேத்துட்டேன்."

நான் கேட்டேன்: "துண்டு கிண்டு போட்டிருந்தானான்னு பாத்தியாடா?" நம் பஸ் ஸ்டாண்டில் பார்க்காததா? வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்துவிடுவான். டிக்கெட் வாங்கவில்லை, ஆளும் ஏறவில்லை, என் கணக்கில் அந்த இடம் காலி. ஆனால் அதில் இன்னொருவனை உட்கார வைத்துப் பார், தெரியும். இதை நான் ஏதோ கெட்டிக்காரத்தனமாகக் கேட்டதாக நினைத்துவிடாதே. சிரிப்பு மூட்டக் கேட்டேன். "மிஷினுக்குள்ள யாருப்பா துண்டு போடுவா?" என்று நீயும் சிரித்தாய். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குக்கு மட்டும் மூன்று தடவை உட்கார்ந்தவன் நான். எனக்கு எப்படித் தெரியும், டிஸ்க்கைப் பார்த்துக்கொள்கிற இன்னொரு புரோகிராம் யாரையும் கேட்காமல் தன் மூட்டையை அந்த இடத்தில்தான் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது என்று? கூட்டம் இல்லாத நேரத்தில் ஒன்றும் தெரியாது, நெரிசல் வந்தால்தான் இரண்டு பேர் மூட்டையும் கலக்கும் என்று ஜன்னலில் சொன்னாயே, அதை மட்டும் எந்தக் கண்டக்டரும் ஒப்புக்கொள்வான்.

ஆனால் அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு பாதிதான். 'சும்மா கெடந்துது, யாரு பேருலயும் இல்ல' என்று நீ சொன்னதும் எனக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துவிட்டது. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் எதற்கு என்று விழுங்கிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

உனக்கு ஒரு அத்தை இருந்தாள். என் தங்கை, சின்னப்பொண்ணு. நீ தவழ்கிற பருவம் வரை உன்னைத் தரையில் விடாமல் இடுப்பிலேயே வைத்திருந்தவள். வாந்திபேதியில் போய்விட்டாள் என்று மட்டும் உனக்குச் சொல்லியிருப்போம், அதுவும் எப்போதோ. எப்படி வந்தது அந்த வாந்திபேதி என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அப்போது நான் பஸ்ஸுக்கு வரவில்லை. நம் குடும்பத்துக்குக் காணி நிலம் கிடையாது, ஊர்க்காரர்களின் காட்டில் கூலி. சிறுவாச்சூர் போகிற வழியில் இப்போது டீக்கடை இருக்கிற இடத்துக்கு உள்ளே, நான்கு பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு கிணறு. ஒரே மோட்டார், தண்ணீர் பாய்ச்ச ஆளுக்கு ஒரு முறை. அந்த முறை இருக்கிறதே, உன் பழைய புரோகிராம் அதனிடம் தோற்றது. தாத்தா காலத்தில் ஒருவர் அடகு வைத்த அரை நாள், இன்னொருவர் மாமனாருக்கு விட்டுக்கொடுத்த ராத்திரி, இருவர் சண்டை போட்டுப் பிரித்த மத்தியானம். வாரத்துக்கு ஒரு தடவையாவது மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சிக்கலுக்கு நடுவே தினமும் விடியலில் ஒரு இடைவெளி இருந்தது. ராத்திரி முறை முடிந்துவிடும், பகல் முறை தொடங்கியிருக்காது. மோட்டார் நின்றிருக்கும், தொட்டி நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் நம் தெருப் பெண்கள் குடத்தோடு போய்த் தொட்டியில் மொண்டுகொண்டு வருவார்கள். கிணற்றில் இறங்க நமக்கு விடமாட்டார்கள், தொட்டியில் மொண்டால் கண்டுகொள்ள மாட்டார்கள். யாரும் கொடுத்த உரிமை இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. நாங்களும் எதற்கு வாயைத் திறந்து கேட்டு இருப்பதையும் கெடுத்துக்கொள்வது என்று பேசாமல் இருந்தோம்.

அந்தப் பங்காளிகளில் ஒருவரின் மகன் திருச்சியில் படித்துவிட்டு வந்தார். நல்ல மனுஷன். இதை நான் கிண்டலாக எழுதவில்லை. அவர் கெட்டவராக இருந்திருக்கக் கூடாதா என்று நான் பல வருஷம் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. தண்ணீர்ச் சண்டையைத் தீர்த்துவைக்க வேண்டும் என்று நான்கு வீட்டுக்கும் நடையாய் நடந்து எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்து முறையைப் புதிதாகப் பிரித்தார். ராத்திரி முறை முடிகிற நிமிஷத்தில் பகல் முறை ஆரம்பம். நான்கு பேருக்கும் சமம், வீணே கிடையாது. சண்டை அன்றோடு நின்றது. யாரைக் கேட்டாலும் பிரமாதம் என்றார்கள். கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் முறை உள்ளவர்கள்தானே.

மறுநாள் விடியலில் பெண்கள் போனால் மோட்டார் ஓடுகிறது, தொட்டி மடை திறந்திருக்கிறது, தண்ணீர் நேராக வயலுக்குப் பாய்கிறது. மடையில் நின்ற பண்ணையாள், "எங்க முறை ஓடுது, அப்பறம் வாங்க" என்றான். அப்பறம் என்று ஒன்று புதுக் கணக்கில் இல்லை. அன்றைக்கே அந்தப் படித்தவர் அந்தப் பக்கம் வந்தார். குடத்தோடு நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா நீங்கள்ளாம்? எதுக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டார். என் தங்கைக்கு வாய் கொஞ்சம் நீளம். "நேத்து வரைக்கும் எதுக்கு நின்னமோ அதுக்குத்தாங்க" என்றாளாம். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் முகம் செத்துவிட்டது. "எனக்குத் தெரியாதே. யாருமே சொல்லலியே" என்றார். உண்மைதான். யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என் நெஞ்சில் நிற்கிறது. "இப்பத்தான் நாலு பேரும் ஒத்துக்கிட்டாங்க. மறுபடியும் பிரிச்சா பழைய சண்டை வந்துடும். கடலை புடுங்கி முடியட்டும், பாப்போம்." பெண்கள் திரும்பிவிட்டார்கள். கடலை பிடுங்கும் வரை நம் தெரு கல் உடைத்த குட்டையில் தேங்கியிருந்த தண்ணீரைக் குடித்தது. வெயில் காலம். தெருவில் பலருக்கு வந்தது. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள், சின்னப்பொண்ணு எழவில்லை. மாட்டு வண்டியில் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பாதி வழியில், "அண்ணே, புள்ளைக்குக் காய்ச்சின தண்ணி குடுக்கச் சொல்லு" என்றாள். அவள் சொன்ன பிள்ளை நீ.

அன்றைக்கு அந்தப் படித்தவர் நம் தெரு முனை வரை வந்தார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை, வெயிலில் நின்றார். மறுநாள் விடியலில் மோட்டார் நின்றிருந்தது. தொட்டி நிறைந்திருந்தது. நான்கு பேரிடமும் பேசி ஒரே நாளில் அந்த இடைவெளியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார், தம்பி. ஒரே நாளில். ஒரு சண்டையும் வரவில்லை. அவ்வளவு சுலபமான காரியம் அது.

இதை உன் தலையில் எதற்குக் கொட்டுகிறேன் என்று கேட்பாய். அந்தத் துண்டு இடத்தை எடுத்துப் பொதுவில் சேர்த்தது உன் தப்பு என்று நான் நினைக்கவில்லை. எழுதி வைக்காதவர் மேல்தான் எனக்குக் கோபம். நீ சுத்தம் செய்யப் போனாய், நல்லெண்ணத்தோடு போனாய், உனக்குத் தெரியாது. அது வரைக்கும் உன் பக்கம் நான் யாரோடு வேண்டுமானாலும் சண்டைக்கு வருவேன், அந்த மேனேஜரோடும் வருவேன், அவர் இங்கிலீஷில் பேசினால் மட்டும் கொஞ்சம் பின்வாங்குவேன். ஆனால் இப்போது உனக்குத் தெரியும். குடத்தோடு நிற்கிறவர்களை நீ பார்த்துவிட்டாய். மெட்ராஸில் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கப் போகிறவனுக்கு உன் கர்னலும் தெரியாது, டிஸ்க்கும் தெரியாது. அவன் பெயருக்குக் கீழே எழுதியிருப்பது அவனுடைய ரத்தம்தான் என்று நம்பிக் கையை நீட்டுவான். மிஷின் அங்கே போய்விட்டால் கூட்டம் வரும். பெரிய ஆஸ்பத்திரியில் என்றைக்குக் கூட்டம் இல்லாமல் இருக்கிறது?

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. மேனேஜர் கையில் உன் பிழைப்பு இருக்கிறது. டிஸ்க்தான் காரணம் என்று அவர் சொல்லிவிட்ட பிறகு, இல்லை நான்தான் என்று நிற்பது அவரைப் பொய்யராக்குகிற மாதிரி. நிரூபிக்க இன்னும் நாள் வேண்டும் என்றாய். நிரூபித்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? 'வண்டி ஏதோ சத்தம் போடுது, எதுன்னு தெரியல' என்று டிரைவர் சொன்னால் நாங்கள் ஆட்களை இறக்கிவிட்டு நிற்போம். என்ன சத்தம் என்று அப்புறம் பார்ப்போம். பயணிகள் திட்டுவார்கள். என் அம்மாவையும் அப்பாவையும் பற்றி நான் கேட்காத வார்த்தை இல்லை. அதற்காகச் சத்தத்தோடு யாரும் ஓட்டியதில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் பஸ்தான் வருகிறது. வேறு என்ன தெரியும் எனக்கு? உன் வேலையில் இது எப்படி நடக்கும் என்று நீதான் அறிவாய். நான் சொல்வது அங்கே பைத்தியக்காரத்தனமாகக்கூட இருக்கலாம். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்றும் யோசித்தேன், பதில் கிடைக்கவில்லை. கிடைத்ததாகப் பொய் சொல்ல மாட்டேன்.

டிரங்க் கால் போட்டுப் பேசியிருக்கலாம். உன் ஆபீஸில் போனை எடுப்பதே அந்த மேனேஜர்தான் என்று முன்பு நீ சொன்னது நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், கோபப்பட்டால் பட்டுக்கொள். அரியலூரில் என்ன சொல்வது என்று கேட்டாயே, அந்த ஒன்றையாவது உன் மேலிருந்து இறக்கி வைக்கலாம் என்று இன்றைக்கு அரியலூர் வந்து சம்பந்தியிடம் நானே சொல்லிவிட்டேன். உன் அம்மாவுக்குத் தெரியாது. சர்க்கரைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினேன். சந்தோஷமாக அனுப்பி வைத்தாள்.

சம்பந்தி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டு எழுந்து, "வாங்க சம்பந்தி, சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பன்ல" என்றார். கையில் கறுப்புக் கோட்டு. உனக்குத்தான். அமெரிக்காவில் குளிர் எலும்பைக் குடையுமாம், உள்ளே கனமான துணி வைத்துத் தைத்திருக்கிறார். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று. பையன் ஒரு தப்பைக் கண்டுபிடித்திருக்கிறான், அதை அவன் சொன்னால் அமெரிக்கா இருக்காது, வேலைகூட எப்படி ஆகுமோ தெரியாது, சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஆபத்து என்றேன்.

அவர் ஊசியை எடுத்துச் சட்டைக் காலரில் குத்தினார். "அது கம்பெனி சமாசாரம் சம்பந்தி. அவுங்க பாத்துக்குவாங்க. மாப்ள ஏன் தலையக் குடுக்கணும்?"

"அவன் கைவேலைங்க அது."

"பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. கடைக்கு வர்ற சனம் பூரா அமெரிக்கா மாப்ள, அமெரிக்கா மாப்ளன்னு..." என்று நிறுத்தினார். அப்புறம், "என் மச்சினன் வேற அங்கேருந்து கேமரா கேட்டிருக்கான்" என்றார், எனக்குச் சொன்னாரா கோட்டுக்குச் சொன்னாரா தெரியவில்லை. கோபம் இல்லை அவருக்கு. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "பெரியவங்க கிட்டப் பேசிட்டுச் சொல்றேனுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இப்போது என்னால் இதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது பூங்கொடி வெளியே வந்தாள். அத்தனையும் கேட்டிருக்கிறாள் போல. நிச்சயத்தன்று தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த பெண்தானா என்று எனக்கே சந்தேகம். அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்களா மாமா?"

"தெரியலம்மா."

"கேக்கலியா நீங்க?"

"பஸ்ஸு கெளம்பிடுச்சும்மா" என்றேன். இதைவிடக் கேவலமான பதிலை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. அவள் சிரிக்கவில்லை. சம்பந்தி, "நீ உள்ள போம்மா" என்றார். போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் முதலில் தலையைக் குனிந்தேன்.

அரியலூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே ரயில் தபால் பெட்டியில் போட்டால் பெரம்பலூரில் போடுவதைவிடச் சீக்கிரம் வந்து சேரும் என்றார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்குக் கடிதம் எழுதுவது நம் பக்கம் வழக்கமில்லை. கிளம்பும்போது, நீ எழுதலாமா என்று திண்டாடித் திண்டாடிச் சம்பந்தியிடம் கேட்டேன். அவர் கோட்டைத் தட்டி மடித்து வைத்துவிட்டு, "எழுதட்டும்" என்றார். நீ என்ன செய்தாய் என்பதை எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுது.

அப்பா